பெஹாலாவில் ஒரு கல் மீன்

மூடியைத் தூக்கியதும் குப்பென்று வரும் அந்த வாடை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. நனைந்த சாக்கும், துருவும், தீர்ந்துபோன ஊறுகாய் ஜாடியின் அடியும் சேர்ந்த வாடை அது. கடற்கரையே இல்லாத கல்கத்தாவில், பெஹாலாவில், டிராம் ஓடும் பெரிய சாலைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த எங்கள் வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் என் அண்ணன் கொஞ்சம் கடலை உண்டாக்கி வைத்திருந்தான். ஒரு துர்க்கா பூஜை முடிந்ததிலிருந்து அடுத்த பங்குனிவரை அந்தக் கடல் இருந்தது. இளம்பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் கையில் ஒரு கற்கண்டைக் கொடுத்து அனுப்புவார்கள். என்னிடம் கற்கண்டு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அப்பாவுக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாற்றல் உத்தரவு வந்தபோது எனக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது, சங்கரன் அண்ணனுக்கு மீசை அரும்பத் தொடங்கிய வயது. வித்தியாசம் அங்கேதான் விழுந்தது. தெருப் பிள்ளைகளோடு பாண்டி விளையாடிய நாலே மாதத்தில் நான் வங்காளத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். அண்ணனோ, ஊரில் தமிழ் மீடியத்தில் முதல் மாணவனாக இருந்தவன், இங்கே இங்கிலீஷும் இந்தியும் வங்காளமும் மாறி மாறிப் பேசப்பட்ட வகுப்பறையில், கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றுப்போனான். தோற்றது கூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு அவன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை என்றால் நிஜமாகவே இல்லை. குளியலறைக்குப் போவான், தட்டு வைத்தால் நாலு வாய் சாப்பிடுவான், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர் உண்டு, மருத்துவர் உண்டு, மாத்திரை உண்டு. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த பெயர்கள் மூன்றுதான்: அப்பாவுக்கு அது "திமிரு", அம்மாவுக்கு அது "கண்ணு", ஊரிலிருந்து கடிதம் எழுதிய பெரியப்பாவுக்கு அது "வாலிபக் கோளாறு". அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்பா அழைத்துப்போன டாக்டர் ரத்தம் குறைவு என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் அம்மா அவன் தலைமாட்டில் நின்று, "எய்யா, எந்திரிய்யா, விடிஞ்சு போச்சுல்லா" என்பாள். விடிந்ததில் அவனுக்கு எந்த அக்கறையும் இல்லை.

அந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் சேவியர் மாமா இருந்தார். தூத்துக்குடிக்காரர்; கல்கத்தாவுக்கும் அந்தமானுக்கும் போய்வரும் பயணிகள் கப்பலில் இயந்திர அறை வேலை. போய்விட்டு வரும்போதெல்லாம் எங்களுக்குச் சங்கோ சோழியோ கொண்டுவருவார். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன பெரிய மீன்தொட்டி ஒன்று பால்கனியில் கிடந்தது. அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்து வயிறெரிந்த மாமா, "கண்ணாடித் தொட்டியில வெங்காயமா மதினி? இருங்க, அடுத்த தடவ பவளக் கல்லு கொண்டாந்து தாரேன், பிள்ளைய தங்க மீனு வாங்கி விடட்டும்" என்றார். சொன்னபடி ஒரு பழைய பெயிண்ட் வாளியில் மூன்று நான்கு கல்லோடு வந்தார். காய்ந்தால் நிறம் போய்விடும் என்று அங்கே கல்லைக் கொடுத்தவன் சொன்னானாம். அதனால் வழியெல்லாம் கயிற்று வாளியில் கடல்நீர் மொண்டு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். வாளியைக் கொண்டுபோய்க் காலியாக இருந்த குளியலறைத் தொட்டியில் கடல்நீரோடு அப்படியே கவிழ்த்துவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் முகம் கழுவப் போனான். வெகுநேரம் வரவில்லை. நாங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை. அவன் எங்கே இருந்தாலும் வராதவன்தானே. திடீரென்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"இந்தக் கல்லுக்குக் கண்ணு இருக்கு."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவன் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. சேவியர் மாமா எட்டிப் பார்த்தார், காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. "ஏ சங்கரு, கைய உள்ள விட்டுராத, கேட்டியா! இது கல்லு மீனுல்லா! முதுகுல பூரா விஷ முள்ளு. எங்க ஊருல சங்கு குளிக்கப் போறவனெல்லாம் இதுக்குத்தான் பயப்படுவான். மூதி, இத்தன நாளா என் கட்டிலுக்குக் கீழ படுத்துல்லா வந்திருக்கு!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அடித்துக் கொன்றுவிடலாம் என்றார் அவர். ஆமாம் என்றார் அப்பா. அம்மாதான் குறுக்கே வந்தாள். "வாயில்லா ஜீவன கொல்லாதிய. நம்ம வீட்டுப் படியேறி வந்துட்டு."

"நான் வளத்துக்கிடுதேன்" என்றான் அண்ணன்.

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இருக்கிற பிள்ளையையே எழுப்ப வழியக் காணோம், இதுல கல்லுக்குச் சோறு போடணுமாக்கும்" என்று முணுமுணுத்தார். ஆனால் அன்று மாலை வெங்காயத்தை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவியவன் அண்ணன். அதைப் பார்த்த பிறகு அப்பா அந்த வெங்காயத்துக்கு ஒரு கூடை தேடிக்கொண்டு வந்தார்.

அந்த மீனை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் அதன் முழு வேலையும் பார்க்கப்படாமல் இருப்பதுதான். இரண்டு கை அகலம். செதில் கிடையாது. மேடும் பள்ளமும் பருவும் கட்டியுமாகத் தோல், அதன்மேல் பாசி. மார்புத் துடுப்புகளை மண்வெட்டிபோல் அசைத்து மணலைத் தள்ளி, தன்னைப் பாதி புதைத்துக்கொள்ளும். மேல்நோக்கித் திறக்கும் வாய், எதுவுமே பிடிக்காத கிழவரின் வாய்போல ஓரங்களில் கீழே தொங்கும். கண்கள் இரண்டு சிறு கட்டிகளுக்கு மேல், கடுகளவு. முதுகு முள்ளெல்லாம் தோல் உறைக்குள் மடிந்திருக்கும். யாராவது மிதித்தால்தான் நிமிரும். தானாகப் போய் யாரையும் அது குத்தாது. வந்த புதிதில் பழுப்பில் கொஞ்சம் செம்மை இருந்தது. வாரங்கள் போகப் போக எங்கள் தொட்டியின் அடியில் கிடந்த கல்லின் மங்கலான நிறத்துக்கே அதுவும் வந்துவிட்டது. நான் பள்ளிவிட்டு வந்ததும் அதைத் தேடுவேன். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டு, திரும்பிப் பையை வைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும்.

"ஏண்ணே இது இப்படி ஒளிஞ்சிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒளியல குட்டி. இருக்கிற இடம் மாதிரியே ஆயிட்டு, அவ்வளவுதான். நீ ஒங்க பள்ளிக்கூடத்துல ஆயிருக்கேல்லா, அது மாதிரி." அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அவன் சிரித்ததை ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

பெரிய சிக்கல் அதன் சாப்பாடு. செத்த எதையும் அது தொடாது. உயிருள்ள மீனோ இறாலோ அதன் மூக்குக்கு முன்னால் நீந்தினால்தான் உண்டு. எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக் கூடப் படியேறியதில்லை. பக்கத்து வீடுகளில் ஹில்சா மீன் வறுக்கும் நாட்களில் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுகிறவள். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் அவள் அடுக்களையில் வெகுநேரம் அரிசி களைந்துகொண்டே இருந்தாள். பிறகு வெளியே வந்து, "தெனமுமா திங்கும்?" என்றாள். "வாரத்துக்கு ரெண்டு தடவ போதும்மா." "அப்ப வெள்ளிக்கிழம மட்டும் வேண்டாம்யா. சாமிக்கு ஆகாது." இவ்வளவுதான் பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகு உணவு போடும் வேளையில் அம்மா சுவாமி படங்களின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள், முடிந்ததும் எடுத்துவிடுவாள். முருகன் இதைக் கவனிக்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அந்தச் சாப்பாட்டை வாங்க அண்ணன் பெஹாலா மார்க்கெட்டுக்குப் போகவேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் வாசற்படி தாண்டாதவன், மீன்கடைகளின் ஈரத் தரையில், அலுமினியச் சட்டிகளில் துள்ளுகிற "ஜாந்தோ மாச்", அதாவது உயிர்மீன்களுக்கு நடுவே நின்று, விரல் நீளத் தெலாபியாக் குஞ்சுகளை உயிரோடு வேண்டும் என்று தெரிந்த நாலு வங்காள வார்த்தைகளில் கேட்டு வாங்கினான். அம்மா பால்கனியிலிருந்து அவன் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரிலிருந்து யாராவது போன் செய்தால், "சங்கரன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கான்" என்று உரக்கச் சொல்வாள். எந்த மார்க்கெட் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

எதிர் வீட்டு மாஷிமாவுக்கு இது பெரும் அதிசயம். வங்காளத்தில் மாஷிமா என்றால் சித்தி; அந்த உரிமையோடு எங்கள் வீட்டுக்குள் வந்துபோகிறவள் அவள். ஒரு மதராசி வீட்டில் மீன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவள், தொட்டியில் கண்ணைப் பதித்து நின்று, கடைசியில் கேட்ட முதல் கேள்வி, "கீ மாச்? காவா ஜாய்?" என்பதுதான். என்ன மீன், சாப்பிடலாமா என்று அர்த்தம். விஷம் என்றதும் அவள் முகத்தில் வந்த வருத்தம், உறவில் ஒருவர் கெட்டுப்போனதைக் கேட்டவளின் வருத்தம்.

அடுத்தது தண்ணீர். சேவியர் மாமா ஒவ்வொரு பயணத்திலும் நடுக்கடலில் மொண்ட நீரைப் பிளாஸ்டிக் கேன்களில் கொண்டுவந்தார். அது போதாது. வட கல்கத்தாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் மீன், பறவைச் சந்தைக்கு அண்ணன் பஸ் மாறி மாறிப் போய், கடல் உப்புத்தூளும், உப்பின் அளவைக் காட்டும் கண்ணாடி மிதவையும் வாங்கி வந்தான். சரியான உப்பில் மிதவை ஒரு சிவப்புக் கோட்டில் நிற்க வேண்டும். "நம்ம கல்லுப்பு ஒரு கை போட்டா ஆகாதா?" என்று அம்மா கேட்டாள். அவளைப் பொறுத்தவரை உப்பு என்றால் உப்புதான். தண்ணீரில் குமிழி விடும் மோட்டார் இரவும் பகலும் ஓடும். "லோட்ஷெடிங்" வந்தால், அதாவது மின்சாரம் போனால், மோட்டார் நிற்கும், மீனுக்கு மூச்சு முட்டும். அப்போதெல்லாம் அண்ணன் ஒரு செம்பை எடுத்துத் தொட்டி நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பான். அவன் கை ஓய்ந்தால் நான். ஒரு சாயங்காலம் அப்பா ஆபீஸ் சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு, செம்பை வாங்கி ஊற்றினார். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

தை பிறந்ததும் அண்ணன் பழைய புத்தகங்களைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். முதலில் தலையணைபோல வைத்திருந்தான், பிறகு படிக்கத் தொடங்கினான். மறுபடியும் பரீட்சை எழுதுகிறேன் என்று அவனே அப்பாவிடம் சொன்னான். நாங்கள் யாரும் அவனைப் பாராட்டவில்லை, கண்ணாலும் காட்டிக்கொள்ளவில்லை. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நடப்பதுபோல வீடு முழுக்க நடந்தோம். இந்த மீன் செத்துவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் மூவருமே தனித்தனியாக நினைத்திருப்போம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடலில் பிறந்த ஜீவன் பெஹாலா மாடியில் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்க எனக்கே தெரிந்திருந்தது. ஆனால் ஒரு பரீட்சை முடியும்வரை இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் பேராசை.

முதல் பரீட்சை நாள் வந்தது. ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூடம். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசினாள், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மீன்தொட்டிக் கண்ணாடியிலும் ஒரு கீற்று இழுத்தாள். அண்ணன் போகும்போது தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னைக்கோ நாளைக்கோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எது இன்றைக்கோ நாளைக்கோ என்று நாங்கள் கேட்கவில்லை. பரீட்சையைப் பற்றி என்று நினைத்தோம்.

மத்தியானம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மீனின் உடம்பு முழுவதும் வெள்ளை வெள்ளையாக ஒரு படலம் மூடியிருந்தது. கண்களிலும் அந்தப் படலம். ஓரங்களில் அது நைந்து நூல் நூலாகத் தொங்கியது. வாய் மெல்லத் திறந்து மெல்ல மூடியது. "கண்ணு பஞ்சடஞ்சு போச்சு, ஏட்டி. ஒங்க தாத்தாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆச்சு" என்றாள் அம்மா. மீனுக்காக மட்டும் அவள் பயப்படவில்லை. சாயங்காலம் பரீட்சை எழுதிவிட்டு வருகிறவன் இதைத்தான் பார்க்கப் போகிறான் என்றுதான் பயந்தாள்.

எங்கள் சுவாமி அலமாரியில், வாய் அடைத்த ஒரு சின்னச் செம்புக் கலசம் இருந்தது. அதில் காசியிலிருந்து வந்த கங்கை. கங்கையின் கிளை பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் ஓடும் ஊரில் வசித்தும், அம்மாவுக்கு அந்தக் காசிச் செம்பில்தான் நம்பிக்கை. உயிர் போகும் நேரத்தில் வாயில் ஒரு சொட்டு விட்டால் நல்ல கதி கிடைக்கும் என்று, தன் கடைசி நேரத்துக்கென்று, கல்யாணமான நாளிலிருந்து ஊர் ஊராகக் கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு அதன் மூடியைப் பாக்குவெட்டியால் நெம்பி உடைத்தாள். "பொழச்சா பொழைக்கட்டும், இல்லன்னா நல்லபடியா போகட்டும்" என்று சொல்லி, மீனின் வாய்க்கு நேர்மேலே அந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

மீன் அசைந்தது.

இத்தனை மாதத்தில், மணலில் புதைவதைத் தவிர, நாங்கள் பார்க்க அது அசைந்ததே இல்லை. இப்போது மணலைக் கிளப்பிக்கொண்டு ஒரு புரள் புரண்டது. "நகருது! ஏட்டி, நகருதுட்டி!" என்று அம்மா கத்தியதில் எதிர் வீட்டு மாஷிமா ஓடிவந்தாள். அவள் வீட்டில் பூஜைக்கென்று ஆற்றுப் படித்துறையிலிருந்து எடுத்துவந்த கங்கை நீர் பெரிய குடத்தில் எப்போதும் இருக்கும். "டீக் ஹோயே ஜாபே, தீதி", எல்லாம் சரியாகிவிடும் அக்கா என்று சொல்லி அவள் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தாள். அழுக்குத் தண்ணீர்தான் அதை வாட்டுகிறது என்று இருவரும் முடிவு செய்து, தொட்டி நீரைச் செம்பால் மொண்டு வெளியே ஊற்றி ஊற்றி, அந்த இடத்தைக் கங்கையால் நிரப்பினார்கள். மாஷிமா இன்னொரு குடமும் கொண்டுவந்தாள். ஒரு துளசி இலையும் போட்டாள். மீன் மணலைவிட்டு எழுந்து நீந்தியது. கண்ணாடியில் மோதியது, மேலே வந்தது, வாயைப் பிளந்தது. நான் கைதட்டினேன். அம்மா கும்பிட்டுக்கொண்டே அழுதாள். கொஞ்ச நேரத்தில் அது அடியில் போய்ப் படுத்தது. அசதி, தூங்குகிறது என்றோம். அது எப்போது செத்தது என்று எங்களுக்குத் தெரியாது. அசையாமல் கிடப்பதுதானே அதன் வழக்கம்.

மாலையில் படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. அண்ணன் இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தான். பாதிப் படியிலேயே, "அம்மா! எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டேன்!" என்று கத்தினான். அப்பா பின்னால் மூச்சிரைக்க, வாயெல்லாம் பல்லாக வந்தார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளிடமும் ஒரு நல்ல செய்தி இருந்தது.

"ஒனக்கு ஒரு சங்கதி சொல்லுதேன் வா. ஒன் மீனு சாகக் கெடந்துது, பாத்துக்கோ. கங்கைய ஊத்துனேன், பொழச்சிட்டு."

அண்ணன் தொட்டியைப் பார்த்தான். மிதவையை எடுத்து உள்ளே போட்டான்; சிவப்புக் கோடு எங்கேயோ இருக்க, உப்பு குறைந்துபோன நீரில் மிதவை அடிமட்டத்துக்குப் போனது. என் மர ஸ்கேலை எடுத்து மீனை மெதுவாகத் தொட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததும் அந்த வெள்ளைப் படலம் முதுகிலிருந்து முழுசாக வழுக்கி விலகியது. அடியில் புதுத் தோல் இருந்தது. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் அங்கங்கே வெள்ளையுமாக, எங்கள் தொட்டியில் எதற்கும் பொருந்தாத நிறம். அப்படி ஒரு அழகு அதற்குள் இருந்தது என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

"தோல உரிச்சிட்டு இருந்திருக்கு" என்றான் அண்ணன். "அப்பப்ப உரிக்கும்னு சந்தையில சொன்னாங்க."

"அப்படின்னா?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. பரவாயில்லம்மா."

அவன் அவளைத் திட்டியிருக்கலாம். தொட்டியை உடைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எங்கள் வீடு பிழைத்திருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. அவன் கைகால் கழுவிக்கொண்டு வந்து, அம்மா போட்ட சாதத்தை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். அடுத்த பரீட்சை அன்று எழுந்திருக்கவில்லை. அப்பா கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு அவன் கட்டில் ஓரத்தில் பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மெதுவாகத் தன் காலை இழுத்துக்கொண்டான்.

மீனை அப்பா இடுக்கியால் எடுத்து, அதே பெயிண்ட் வாளியில் போட்டு மூடிக் கொண்டுபோனார். எங்கே போட்டார் என்று சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத சேவியர் மாமா அடுத்த பயணத்தில் கேன் கேனாகக் கடல்நீரைச் சுமந்துகொண்டு மாடியேறினார். விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வேற ஒண்ணு கொண்டாந்து தாரேம்ல சங்கரு" என்று வாசலில் நின்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் மாமா என்று சுவர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் கேன்கள் பால்கனியில் கிடந்து நாறின.

அம்மா அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற யாரைப் பார்த்தாலும் சுற்றி வளைத்து அந்தக் கேள்விக்கு வந்துவிடுவாள். "அது எப்படியும் போயிருக்கும், இல்லியா?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். மாஷிமா ஆமாம் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தாள். அண்ணனிடம் கேட்டபோது அவனும் ஆமாம் என்றான். எத்தனை ஆமாம் சேர்ந்தாலும் அவளுக்குப் போதவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, விதி என்று பெரியவர்கள் சொன்னார்கள். விதி என்பது, குற்றவாளி யாருமில்லாத வீட்டில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் வாழ்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்று நான் அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்பா ஓய்வுபெற்றார். சென்னைக்கு வந்தோம். அப்பா போனார், பிறகு அம்மாவும் போனாள். பெஹாலாவுக்கு இப்போது டிராம் வருவதில்லை, எங்கள் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், மாஷிமா இல்லை, கல்கத்தா என்ற பெயர்கூட இல்லை என்று அங்கிருந்து வருகிறவர்கள் வருத்தமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. டிராம் போனால் மெட்ரோ வரும். பாதிப் படியில் நின்று "அம்மா!" என்று கத்திய ஒருவன் போனான், அவனுக்குப் பதில் யாரும் வரவில்லை.

அண்ணன் என்னோடுதான் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது. மருத்துவர்களிடம் காட்டினேன், மாத்திரைகள் சாப்பிடுகிறான், முன்னைவிட நன்றாகத் தூங்குகிறான் என்பதுதான் கண்ட பலன். திருவான்மியூரில் இந்த வீட்டுக்கு அடம்பிடித்தது நான்தான். பத்து நிமிடம் நடந்தால் கடல். கேனில் சுமக்க வேண்டாம், உப்பு கரைக்க வேண்டாம், மிதவை போட்டுப் பார்க்க வேண்டாம், அவ்வளவு கடல். வந்த புதிதில் வாரா வாரம் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா குட்டி" என்பான், கோபமே இல்லாமல். சரி, அவன் வராவிட்டால் கடலாவது வரட்டும் என்று, சாயங்காலங்களில் கடற்காற்று எழும்போது அவன் அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருவேன். நான் அடுக்களைக்குப் போய்ச் சேருவதற்குள் அது சாத்தப்படும் சத்தம் கேட்கும். நான் மறுநாளும் திறப்பேன். இப்படிப் பல வருடம் நடந்தது. இந்த வருடம் மழைக்காலத்தில், சாத்தியிருந்த ஜன்னலின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைப்பதில்லை.